டிசம்பர் இருபத்தொன்றாம் தேதிக் கச்சேரி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சேர்த்து ஜாஸ் வாசிப்பவர்கள் ஏழு பேர். ஜாஸுக்கென்றே வரும் மாதப் பத்திரிகைகள் நான்கு. ஐந்தாண்டுகளுக்கு முன்னால் வாசிப்பவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். பத்திரிகை ஒன்றுகூட இல்லை. ஆகவே ஜாஸ் நன்றாக வளர்ந்திருக்கிறது. நான்கு பத்திரிகைகளும் ஒவ்வொரு ஜனவரி இதழிலும் இதை ஒப்புக்கொள்கின்றன. யாரால் வளர்ந்தது என்பதில்தான் சண்டை.

நான்கில் மூத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் 'நீலச்சுரம்'. ஆசிரியர் சடகோபன் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வாத்தியமும் அவருக்குத் தெரியாது. முதல் இதழின் தலையங்கத்தில் அதையே தம் தகுதியாக எழுதியிருந்தார். வாத்தியம் தெரிந்தவனுக்கு வாத்தியக்காரன்மேல் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் விமர்சனம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி.

பத்திரிகை அச்சாவது சிவகாசியில். அங்கே ஆடி பிறந்துவிட்டால் அச்சகங்களுக்குக் காலண்டர் வேலை. அடுத்த ஆண்டின் அமாவாசையையும் கிருத்திகையையும் அடித்து முடிக்கும்வரை வேறு எதையும் தொடமாட்டார்கள். கெஞ்சிக் கேட்டால் நடுவில் ஒருநாள் ஒதுக்குவார்கள். அதனால் 'நீலச்சுரம்' ஜனவரி இதழின் பக்கங்கள் எல்லாம் அக்டோபரிலேயே சிவகாசி போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஜனவரி இதழில்தான் டிசம்பர் கச்சேரியின் விமர்சனம் வரும். டிசம்பர் கச்சேரி டிசம்பரில்தான் நடக்கும்.

இந்தச் சிக்கலைச் சடகோபன் முதல் ஆண்டிலேயே தீர்த்துவிட்டார். விமர்சனத்தை அக்டோபரில் எழுதி, அதன் நகலை வாசிப்பவர்களுக்கு அனுப்பிவிடுவார். நகலோடு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'இத்துடன் இணைக்கப்பட்டுள்ளவாறு வாசித்து ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.'

ஒத்துழைத்தார்கள். ஒத்துழைக்காதவர்களின் பெயர் அடுத்த ஆண்டு வராது.

செலினாவின் கணவன் பென்சன் அந்த ஏழு பேரில் ஒருவன். மில்லில் கம்ப்ரஸர் அறை ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாமாலைக்குச் சாக்ஸபோன், மற்ற நாட்களில் கல்யாண வீட்டுக்கும் கேத வீட்டுக்கும் பேண்டு செட். கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே காதில் போனை மாட்டிக்கொண்டு எந்தெந்த நாட்டு ஆட்களின் வாசிப்பையோ கேட்கத் தொடங்கியதிலிருந்து அவன் வாசிப்பு மாறிப்போனது. பாமாலையில் எல்லாரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு இவன் மட்டும் இரண்டு மூச்சு தள்ளி வந்து சேருவான். போதகர் திரும்பிப் பார்ப்பார். சாயங்காலம் வீட்டில் பழகும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டுவார்கள். செலினா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்புச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். அங்கே கழித்துப்போட்ட துணியில் ஒரு சுருளைக் கொண்டுவந்து சாக்ஸபோனின் விரிந்த வாயில் திணித்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து எவ்வளவு ஊதினாலும் சத்தம் அவளைத் தாண்டிப் போனதில்லை.

நான்கு ஆண்டுகளாக 'நீலச்சுரம்' அவனைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருந்தது. 'மற்றும் ஒரு சாக்ஸபோன்' என்று எழுதியது.

ஐந்தாம் ஆண்டு அக்டோபரில் உறை வந்தது. பென்சன் கை கழுவாமல்கூடப் பிரித்தான்.

"ஏட்டி, பேரு வந்துருச்சு!"

"என்னன்னு போட்டுருக்காவ?"

அவன் தலைப்புச் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தான். "'மூன்றாவது உருப்படியில் பென்சனின் நான்கு நிமிடத் தனி வாசிப்பில் சோர்வு தெரிந்தது. அக்கறையின்றி ஊதினார். வரும் ஆண்டில் அவர் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லது.'"

"கச்சேரிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. அதுக்குள்ள எப்பிடிச் சோர்ந்து போவிய?"

"அதான் பழகணும்."

பழகினான். வேலை முடிந்து வந்ததும் துணியைத் திணித்துக்கொண்டு சோர்வாக வாசிக்க உட்காருவான். நாலு நிமிடத்துக்குப் போனில் அலாரம். ஒன்றரை நிமிடம் நன்றாகச் சோர்வாகப் போகும். அப்புறம் அவனை அறியாமல் ஏதோ ஓர் இடத்தில் வாத்தியம் நிமிர்ந்துகொள்ளும். உதட்டைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

"அம்புட்டு லேசு இல்லட்டி இது. மூச்சு தானா எந்திச்சிருது."

"எந்திச்சா எந்திக்கட்டும். நல்லா வாசிச்சிட்டா தூக்குலயா போடப்போறாவ?"

"அவிய எழுதிட்டாவல்லா."

டிரம்ஸ் வாசிக்கும் சின்னத்துரைக்கு வேறு கவலை. அவன் பென்சனின் கூட்டாளி, அதே மில்லில் எலெக்ட்ரீசியன். "ரெண்டாவது உருப்படியில எங்கையில இருந்து குச்சி நழுவுதாம் மதினி. எந்தக் குச்சின்னு போடல. வலதா, இடதா? கேட்டு எழுதிப் போட்டுருக்கேன், பதிலக் காணும்."

டிசம்பர் மூன்றாம் தேதி, முதல் ஷிஃப்டில், கம்ப்ரஸர் அறை ஸ்டூலில் உட்கார்ந்தவாறே பென்சன் இறந்துபோனான். தூங்குகிறான் என்று அரைமணி நேரம் யாரும் எழுப்பவில்லை. நெஞ்சுதான் என்றார் டாக்டர். கடைசி ஐந்து வாரங்கள் அவன் சுமாராக வாசிக்கப் பழகியதில் போயின என்பது அடக்கம் முடிந்து வீடு காலியான பிறகுதான் செலினாவுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அது உறைத்துக்கொண்டே இருந்தது.

இருபத்தொன்றாம் தேதிக் கச்சேரி நடக்கவில்லை. மற்ற ஆறு பேரும் அன்று கோயிலுக்கு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

ஜனவரி முதல் வாரம் தபாலில் 'நீலச்சுரம்' வந்தது. நடக்காத கச்சேரிக்கு எட்டுப் பக்கம். அரங்கம் நிரம்பி வழிந்ததாம். இறந்து பதினெட்டு நாளான பென்சன் மேடையேறி அக்கறையின்றி ஊதியிருந்தான். வரும் ஆண்டில் அவன் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லதாம்.

செலினா ஒருநாள் லீவு போட்டு, இதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த இதழில் ஒரு வரி போட வேண்டும்: பென்சன் டிசம்பர் மூன்றாம் தேதி இறந்துவிட்டார், இருபத்தொன்றாம் தேதி அவர் வாசிக்கவில்லை. அவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனாள்.

அலுவலகம் மாட வீதியில் சடகோபன் வீட்டு மாடி. படியேறியதும் துணை ஆசிரியர் ஹம்ஸா. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டு, கண் கலங்கி, ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"மறுப்புப் படிவம்க்கா. கலைஞர் கையெழுத்து கீழ வரணும்."

"அவிய செத்துப் போயிட்டாவம்மா."

"தெரியுதுக்கா. ஆனா மறுப்புன்னா சம்பந்தப்பட்ட கலைஞர்தான் குடுக்கணும். விதி எட்டு. வேற யாராவது குடுத்தா அது வாசகர் கடிதம். வாசகர் கடிதத்துல புகழ்ச்சி மட்டும்தான் போடுவோம்."

"அப்ப செத்தவிய யாரும் மறுக்கவே முடியாதா?"

ஹம்ஸா யோசித்தாள். "இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லக்கா."

உள்ளறையில் சடகோபன் சுவர்க் காலண்டரின் முன்னால் நின்று அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அச்சகத்தார் ஆண்டுதோறும் அனுப்பும் தினசரிக் காலண்டர். கிழித்த தாளை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"உக்காருங்கோம்மா. நாளைத் தாளை இன்னைக்குப் பார்க்கற பழக்கம் எனக்குக் கிடையாது. எல்லாம் அதது வேளைக்கு வரணும்."

செலினா சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப வருத்தம். அவர் போனது இசைக்குப் பெரிய இழப்புன்னு தனிப்பட்ட முறையில சொல்லுவேன். பத்திரிகைன்னு வந்தா அப்படிச் சொல்ல முடியாது பாருங்கோ. பத்திரிகையைப் பொறுத்தவரை அவர் இருபத்தொண்ணாம் தேதி வாசிச்சிருக்கார்."

"வாசிக்கலைங்க. அவிய மூணாந் தேதியே போயிட்டாவ."

"அது நடந்தது. நான் அச்சுல வந்ததைச் சொல்றேன்."

"நடந்ததத்தான அச்சுல போடணும்?"

"அப்படிப் பார்த்தா அஞ்சு வருஷமா நாங்க ஒரு இதழ்கூடக் கொண்டுவந்திருக்க முடியாதேம்மா!" என்றார் சடகோபன். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே மனம் நொந்து சொன்னார்.

"சரி, மறுப்பு வேண்டாம். அஞ்சலின்னு ஒரு மூலையில ரெண்டு வரி போட்டா போதும்."

"தாராளமா. அஞ்சலி நானே எழுதுவேன். ஆனா எங்க பத்திரிகை ஏத்துக்கிட்ட கலைஞருக்குத்தான் அஞ்சலி. குறைஞ்சது ஒரு விமர்சனத்துல பேர் வந்திருக்கணும். உங்காத்துக்காரருக்கு வந்திருக்கறது இது ஒண்ணுதான். இதைத் தப்புன்னு எடுத்துட்டா அவர் கலைஞர் இல்லைன்னு ஆயிடும், அஞ்சலி கிடையாது. இதை வெச்சுண்டா இருபத்தொண்ணாம் தேதி உசிரோட இருந்தார்னு ஆயிடும். மூணாம் தேதி போனவர்னு எப்படிப் போடுவேன்?"

செலினா தண்ணீர் டம்ளரைத் தேடினாள்.

சடகோபன் மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, உதவி செய்கிறவரின் முகத்தோடு கேட்டார்: "இருபத்திரண்டாம் தேதின்னு போட்டுடலாமா?"

"எத?"

"மறைந்த தேதியை. இருபத்தொண்ணு வாசிச்சார், இருபத்திரண்டு போனார். கடைசிக் கச்சேரிங்கறதால சோர்வா வாசிச்சார்னு விமர்சனத்துக்கும் ஒரு காரணம் கிடைச்சுடும். உருக்கமா வரும். பத்தொன்பது நாள்தானேம்மா?"

அந்தப் பத்தொன்பது நாளும் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். மில்லிலிருந்து அவனுடைய சட்டையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் துவைக்கலாமா வேண்டாமா என்று ஒன்பது நாள் வைத்திருந்தாள். கல்லறையில் பதிக்கும் கல்லுக்குச் சொல்லிவிட்டாள். கொத்துகிறவர் கேட்ட முதல் கேள்வியே தேதிதான். இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுவது?

"மூணாந் தேதிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ராஜபாளையத்திலிருந்து வரும் 'குறுக்குத்தாளம்' சடகோபனின் ஜென்ம விரோதி. அதன் ஆசிரியர் சுயம்புலிங்கத்திடம் சின்னத்துரைதான் கூட்டிப்போனான். சுயம்புலிங்கம் செலினாவைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைப் பிடிக்காத குறையாக வரவேற்றார்.

"வாங்க, வாங்க! அந்தாளு நடக்காத கச்சேரிக்கு விமர்சனம் எழுதுதான்னு நாலு வருசமாத் தொண்ட கிழியக் கத்துதேன். இப்பத்தான் சாட்சி கெடச்சிருக்கு. ஏழு இதழ் தொடரா போட்டுருவோம்."

"ஏழு இதழ் வேண்டாம்யா. எங்க வீட்டுக்காரவிய மூணாந் தேதி எறந்துட்டாவன்னு ஒரு வரி."

சுயம்புலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார்.

"அதுல ஒரு சங்கடம் இருக்கு. இந்த ஏரியாவுல ஜாஸ் இன்னும் ஆரம்பிக்கலங்கிறது எங்க பத்திரிகையோட நிலைப்பாடு. இங்க வாசிக்கிறது எல்லாம் பேண்டு செட்டு. ஆரம்பிக்காத ஒண்ணுல ஒருத்தர் வாசிச்சாரு, அவரு போயிட்டாருன்னு போட்டா, ஆரம்பிச்சிருச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே."

"ஜாஸ்னு போட வேண்டாம். பென்சன்னு ஒரு மனுசன் எறந்துட்டான்னு போடுங்க."

"மனுசங்களப் பத்தி நாங்க எழுதுறதில்லம்மா" என்றார் சுயம்புலிங்கம். "இது இசைப் பத்திரிகை."

வெளியே வந்ததும் சின்னத்துரை தெருவிலேயே காறித் துப்பினான். மூன்றாவது பத்திரிகை கான்சாபுரத்தில். அதன் ஆசிரியர் நெல் அறுப்பு முடியும்வரை இதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார். நான்காவது பத்திரிகை மற்ற மூன்றையும் விமர்சிப்பதற்காக மட்டும் வருவது.

அச்சடித்தவனிடமே போய்க் கேட்டால் என்ன என்று செலினாவுக்குத் தோன்றியது. மாசி மாதத்தில் ஒருநாள் சிவகாசிக்குப் போனாள். அச்சகத்தில் வேலை ஓய்ந்திருந்தது. ஃபோர்மேன் இருளப்பசாமி கைகளைக் கழிவுத்துணியில் துடைத்துக்கொண்டு வந்து அவள் நீட்டிய பக்கத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"யம்மா, நாங்க குடுத்தத அடிக்கிறவங்க. ஆனா ஒண்ணு சொல்லட்டா? இங்க அடிக்கிறது அம்புட்டுமே நடக்காததுதான். அடுத்த வருசத்து அமாவாசைய இந்த வருசம் அடிக்கிறோம். அமாவாசை சொன்ன நாளுக்கு வந்துரும். மனுசன் அப்பிடி வருவானா? அத அந்தப் பெரியவரு யோசிக்கல."

"இத மாத்தி அடிக்க முடியாதாங்க?"

"அடிச்சது போயிருச்சேம்மா." அவர் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, "என்னைக்கு எறந்தாருன்னு சொன்னீய?" என்று கேட்டார்.

"டிசம்பர் மூணு."

"பேரு பென்சன். என்ன வாசிப்பாரு?"

"சாக்ஸபோன்."

ஒரு ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி ஆணியில் குத்தி வைத்தார். அந்த ஆணியில் ஏற்கெனவே நூறு தாள் இருந்தது. செலினா கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. மாதம் ஒரு கடிதம், ஒரே வாசகம், பதிவுத் தபாலில் 'நீலச்சுரம்' அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆறாவது கடிதத்துக்குச் சடகோபன் அசைந்தார். உண்மை அறியும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சடகோபன் தலைவர், ஹம்ஸா செயலாளர், சடகோபனின் மைத்துனர் பொதுமக்கள் பிரதிநிதி. குழு மூன்று முறை கூடி நான்கு தீர்மானங்கள் நிறைவேற்றியது. செலினாவுக்கும் நகல் வந்தது.

'ஒன்று. டிசம்பர் 21 கச்சேரி நடைபெறவில்லை என்று பரவும் செய்தியை இக்குழு மிகுந்த கவலையுடன் கவனத்தில் கொள்கிறது. இரண்டு. எனவே மேற்படி கச்சேரியை வரும் செப்டம்பர் 14 அன்று, வெளிவந்த விமர்சனத்துக்கு இணங்க, நடத்துவதெனத் தீர்மானிக்கப்படுகிறது. மூன்று. அவ்வாறு நடைபெறும் கச்சேரி டிசம்பர் 21 அன்றே நடைபெற்றதாகக் கொள்ளப்படும்.'

நான்காவது தீர்மானத்துக்குத்தான் அதிக நேரம் பிடித்ததாம். பென்சன் இடத்தில் யார்? மற்ற ஆறு பேருக்கும் விமர்சனத்தில் அவரவர் வரி இருந்ததால் யாரையும் நகர்த்த முடியவில்லை. மதுரையில் ஓர் ஆளைக் கேட்டார்கள். சோர்வாக வாசிக்கத் தன்னால் ஆகாது, தனக்கும் பெயர் இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில் இப்படி முடிந்தது: 'நான்கு. வாத்தியம் மேடைக்கு வந்தால் கலைஞர் வந்ததாகக் கொள்ளப்படும்.'

சாக்ஸபோனைக் கேட்டு ஹம்ஸாவே வீட்டுக்கு வந்தாள். கச்சேரி நடந்துவிட்டால் அஞ்சலி விஷயத்தைப் பரிசீலிப்பதாகச் சார் சொல்லியிருக்கிறார் என்றாள். செலினா அங்கே வந்திருந்த சின்னத்துரையைப் பார்த்தாள்.

"குடுங்க மதினி" என்றான் அவன். "இல்லன்னா எவனையாவது ஒக்கார வச்சி அண்ணன் பேருல ஊதச் சொல்லிருவாவ. வாத்தியம் வரட்டும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

"நானே தூக்கிட்டு வாரேன்" என்றாள் செலினா.

கல்யாண மண்டபத்தின் சிறிய ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். மேடையில் ஆறு பேருக்கு நடுவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. செலினா பெட்டியைத் திறந்து சாக்ஸபோனை எடுத்து அதில் சாய்த்து வைத்தாள். வாத்தியத்தின் வாயில் பேண்டேஜ் துணி அப்படியே இருந்தது. எடுக்கலாமா என்று ஒரு கணம் கை போனது. எடுக்கவில்லை. கீழே இறங்கி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

சடகோபன் பேசினார்.

"நண்பர்களே! ஒரு கச்சேரி நடக்கிறது, முடிகிறது, காற்றோடு போய்விடுகிறது. அது நடந்ததற்கு என்ன அத்தாட்சி? கேட்டவர்கள் மறந்துவிடுவார்கள். வாசித்தவர்கள் மிகைப்படுத்துவார்கள். பத்திரிகை ஒன்றுதான் நிற்கும். இந்த ஐந்து ஆண்டுகளில் இப்பகுதியில் நடந்த ஒவ்வொரு கச்சேரியையும் நாங்கள் பதிவு செய்திருக்கிறோம். நடக்காதவற்றையும் விட்டுவிடவில்லை. எங்களைக் குறை சொல்பவர்கள், நாங்கள் கச்சேரிக்கு வருவதில்லை என்கிறார்கள். உண்மைதான். வந்து உட்கார்ந்து கேட்டால் எழுதியதில் சந்தேகம் வந்துவிடும். சந்தேகத்தோடு எப்படி ஒரு கலையை வளர்ப்பது? வாசிப்பவர்கள் வருவார்கள், போவார்கள். யாராவது ஒருவர் வாசித்துக்கொண்டுதான் இருக்கப்போகிறார். ஆனால் ஜாஸ் நிலைத்து நிற்க வேண்டுமே!"

மைத்துனர் கைதட்டினார். கச்சேரி ஆரம்பித்தது.

எல்லாம் விமர்சனத்தின்படியே நடந்தது. முதல் உருப்படி எழுதியிருந்த இடத்தில் விறுவிறுப்பானது. இரண்டாவதில் சின்னத்துரை குச்சியைக் கீழே போட்டான். எது என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வராததால் இரண்டையும் போட்டான். மூன்றாவது உருப்படி தொடங்கி, ஏறி, தனி வாசிப்புக்கான இடம் வந்தது.

ஆறு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது. முன் வரிசையில் சடகோபன் கைக்கடிகாரத்தையும் மடியிலிருந்த இதழையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆனது. யாரோ நாற்காலியை நகர்த்தி, வெட்கப்பட்டு, அசையாமல் இருந்துகொண்டார். ஒன்றரை நிமிடத்தில் செலினா முன்பக்க நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில்தான் அவன் மூச்சு எழுந்துகொள்ளும். உதட்டைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். இன்று யாரும் அவனை நிறுத்தவில்லை. அவள் மட்டும் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சரியாக நான்காவது நிமிடம் சின்னத்துரை தட்டினான். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் சடகோபன் அவளிடம் வந்தார். முகத்தில் ஒரு பெரிய வேலையை முடித்த நிறைவு. "விமர்சனத்துக்கும் கச்சேரிக்கும் இம்மி வித்தியாசம் இல்லை, பார்த்தேளோ?"

"அஞ்சலி?" என்றாள் செலினா.

"அக்டோபர் இதழைப் பாருங்கோ."

அக்டோபர் இதழ் ஆடியிலேயே அச்சுக்குப் போயிருந்தது. அதில் செப்டம்பர் கச்சேரிக்கு ஆறு பக்கம். செலினா கடைசிப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். அஞ்சலி என்று எதுவும் இல்லை. நான்காம் பக்கத்தில் பென்சன் பெயர் இருந்தது.

'சென்ற முறை நாம் சுட்டிக்காட்டிய குறையைப் பென்சன் பெருந்தன்மையுடன் ஏற்றுத் திருத்திக்கொண்டிருக்கிறார். நான்கு நிமிடத் தனி வாசிப்பில் ஒரு பிசிறு இல்லை. தேவையற்ற ஆர்ப்பாட்டம் இல்லை. விமர்சனம் ஒரு கலைஞரை எப்படி வளர்க்கும் என்பதற்கு இவர் சான்று. இவரிடமிருந்து வரும் ஆண்டுகளில் நிறைய எதிர்பார்க்கிறோம்.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். ஒரு பிசிறு இல்லை என்பதை மட்டும் அவளால் மறுக்க முடியவில்லை. கோபம் இன்னும் அதிகமானது. அந்த மாதமும் பதிவுத் தபால் போனது.

டிசம்பர் கடைசி வாரம் சிவகாசியிலிருந்து காகிதத்தில் சுற்றிக் கட்டிய ஒரு பார்சல் வந்தது. உள்ளே வரும் ஆண்டின் தினசரிக் காலண்டர். கடிதம் ஏதும் இல்லை. யார் அனுப்பியது என்று கீழே பார்த்தால் அச்சகத்தின் பெயர் இருந்தது. தாள் கட்டின் பின்பகுதியில் ஓர் இடத்தில் சிறு காகிதத் துண்டு செருகியிருந்தது. செலினா அங்கே விலக்கினாள்.

டிசம்பர் 3. ராகு காலம், எமகண்டம், குளிகை. அவற்றுக்குக் கீழே, பண்டிகைகளும் விரதங்களும் வரும் இடத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் உள்ள அதே எழுத்தில் ஒரு வரி:

'சாக்ஸபோன் கலைஞர் பென்சன் மறைந்த நாள்.'

அவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்தது. ஹம்ஸா.

"அக்கா, எங்க ஆபீஸுக்குக் காலண்டர் வந்துருக்கு." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "நான் புரட்டிப் பாத்துட்டேன். இது எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்னு அச்சகத்துல கேட்டேன். நாப்பதாயிரமாம்க்கா. நாங்க அடிக்கிறது முந்நூறு."

"உங்க சார் பாத்துட்டாவளா?"

"எங்க பாத்தாரு? ஆணியில மாட்டியாச்சு. ஒரு நாளைக்கு ஒரு தாள்தான் கிழிப்பாரு. முன்னாடி பாக்கவே மாட்டாரு."

"அச்சுல வந்தத மறுக்கணும்னா என்ன செய்யணும்மா?"

ஹம்ஸா சொன்னாள்: "விதி எட்டுக்கா. சம்பந்தப்பட்ட கலைஞர் கையெழுத்துப் போடணும்."

செலினா காலண்டரைச் சாக்ஸபோன் பெட்டிக்கு மேலே சுவரில் மாட்டினாள். சடகோபன் அந்தத் தாளுக்கு வந்து சேர இன்னும் பதினொரு மாதமும் சில நாட்களும் இருந்தன. தினம் ஒன்றாகக் கிழித்துக்கொண்டு வரட்டும். 'மற்றும் ஒரு சாக்ஸபோன்' என்றே அச்சில் வந்து, தன் பெயருக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தவனின் வீடு அது.